பெட்டி, கம்பளி, கூரைத் தகரம்: ஒரு மலையகக் கலை மாணவியின் வீட்டுச் செயற்றிட்டங்கள்

இலங்கையின் மலையகத்துப் பிள்ளை ஒருவரிடம் "உன் ஊரை வரை" என்று சொன்னால் என்ன வரும் என்பது சித்திர ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பச்சை மலை, முதுகில் கூடை, நெற்றியில் கயிறு, முக்காட்டுக்குள் சோகமான ஒரு முகம். பின்னால் ஓர் அருவி விழுந்தால் புள்ளி இன்னும் கூடும். தாயின் முகத்தை நாள் தவறாமல் பார்க்கும் பிள்ளை, தேயிலைப் பொதியின் மேல் அச்சிட்டிருக்கும் முகத்தை வரைந்து கொடுக்கிறது. அதற்கு 'ஏ' போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு படத்தில் தொடங்கி வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த மாணவி ஒருவரின் வேலைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவைச் சேர்ந்தவர். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குடும்பத்தாரின் விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன். தமிழில் காட்சிக்கலைப் பட்டம் படிக்க விரும்பும் மலையக மாணவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோதான் போகவேண்டியிருக்கிறது. இவரும் அப்படி மலையிறங்கிப் போனவர். வீட்டை விட்டு விலகி இருக்கும்போது வீடு நினைவுக்கு வருவது யாருக்கும் நடப்பது. அதில் ஆராய ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அவர் எதை எடுத்தார், எதை எடுக்க வீட்டார் விடவில்லை, கிடைத்ததை வைத்து என்ன செய்தார் என்பவைதான் ஆராய வேண்டியவை.

முதல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் பெரிய வர்ண ஓவியம். எல்லோரும் பாராட்டினார்கள். விடுமுறையில் ஓவியத்தின் படத்தைப் பார்த்த அவருடைய அம்மா, தான் கூடையை விட்டு வெகுகாலம் ஆகிறது என்றும், இப்போது பையில்தான் கொழுந்து எடுப்பதாகவும் சொன்னார். அத்தோடு அந்தப் படத்தின் கதை முடிந்தது.

ஒரே அறை, நான்கு வரைபடங்கள்

லயத்து அறை, அதாவது தோட்டத் தொழிலாளரின் தொடர்வீட்டில் ஒரு குடும்பத்துக்கான அறை, என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மாணவி நாடாவை வைத்து அளந்தபோது, சுவர்களுக்குள்ளே கிடைத்த இடம் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அந்த அளவை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த நான்கு பேரிடமும் தனித்தனியாக ஒரு தாள் கொடுத்தார். வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்து, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல், நினைவிலிருந்து வீட்டை வரைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அம்மாயி வரைந்த வீட்டில் பாதியை அடுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் அங்கங்கே சின்ன வட்டங்கள் போட்டிருந்தார். அவை மழைக்காலத்தில் ஒழுக்குக்குக் கீழே வைக்கும் பாத்திரங்கள். அப்பா இஸ்தோப்பையும் (முன் திண்ணை) வாசற்கதவையும் துல்லியமாக வரைந்துவிட்டு உள்ளே ஒன்றும் போடவில்லை. தம்பியின் வீட்டில் தொலைக்காட்சி, மின்சாரப் பிளக், அங்கிருந்து போகும் வயர். அம்மா சாமான் வைக்கும் சுவர்த்தட்டு ஒன்றை மட்டும் வரைந்தார். தட்டுக்குக் கீழே தான் படுக்கும் இடத்தை ஒரு கோட்டால் காட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

இந்த நான்கையும் ஒளிபுகும் தாள்களில் ஒரே அளவில் படியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, எந்தச் சுவரும் மற்றதோடு பொருந்தவில்லை. கண்காட்சியில் மாணவி அளந்த உண்மையான தரைத்தோற்றத்தைத் தரையில் சோக்கட்டியால் முழு அளவில் கீறி, நான்கு தாள்களையும் அதற்கு மேலே தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்கள் சோக்கட்டிக் கோட்டுக்குள் ஆறேழு பேராக நின்றபோதே நெருக்கமாகிவிட்டது. இதற்கு விளக்கப் பலகை எதுவும் வைக்கவில்லை. வைக்காமல் விட்டது நல்ல முடிவு.

வீட்டின் தரைத்தோற்றத்தை நினைவிலிருந்து வரையவைப்பது இலங்கைத் தமிழ்க் கலையில் புதிதல்ல. போரில் வீடிழந்த வடகிழக்கு மக்கள் வரைந்த தரைத்தோற்றங்களைத் திரட்டி, ஓவியர் தா. சனாதனன் 2011 இல் நூல்வடிவக் கலைப்படைப்பு ஒன்றை வெளியிட்டார். மாணவிக்கு வழி காட்டியதும் அதுவே. ஆனால் அங்கே வரையப்பட்டவை பறிபோன வீடுகள். இங்கே வரைந்தவர்கள் அதே வீட்டில் அன்றிரவும் படுத்துறங்கினார்கள், அந்த வீடோ அவர்களுக்குச் சொந்தமில்லை. தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இந்தக் கைமாற்றங்கள் எதிலும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் வரவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியோடு தனிவீடு கொடுக்கும் திட்டங்கள் வந்திருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் முறை இன்னும் வரவில்லை. சுவரும் தரையும் கூரையும் மற்றவருடையவை என்னும்போது, வீடு என்று சொல்லிக்கொள்ள எஞ்சுவது உள்ளே இருக்கும் பொருள்கள்தான். மாணவி அடுத்ததாகப் பொருள்களுக்குப் போனது இந்தக் காரணத்தால்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் தூக்கிக் கொண்டுவரக்கூடியது வேறென்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

பெட்டி

அம்மாயியின் தகரப் பெட்டி பச்சை இனாமல் அடித்தது. உள்ளே சேலைகள், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய சம்பளச் சிட்டைகள். மாணவி அதை உராய்வு முறையில் படியெடுக்க எண்ணினார். மெல்லிய காகிதத்தைப் பொருளின் மேல் இறுக்கமாக விரித்து, கறுப்பு மெழுகுக் கட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்துத் தேய்க்கும் எளிய வேலை அது. துருவின் சொரசொரப்பு நன்றாக விழும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

மூடியைத் தேய்த்தபோது துருவோடு எழுத்தும் விழுந்தது.

பச்சைக்கு அடியில் யாரோ முன்பு தடித்த வர்ணத்தால் எழுதியிருந்தார்கள். மேலே இன்னொரு பூச்சுப் பூசியதும் நிறம் மறைந்துவிட்டது. தூரிகை விட்டுச்சென்ற மேடு மறையவில்லை. கண்ணுக்கு நிறம் முந்திக்கொள்ளும், காகிதத்துக்கு மேடும் பள்ளமும் மட்டுமே தெரியும். முதல் வரியில் அம்மாயியின் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. இரண்டாவது வரியில் 'தலைமன்னார்'. அதற்குக் கீழே 'இராமே' வரைக்கும் வாசிக்க முடிந்தது. மிச்சம் பூட்டுத் தகட்டுக்கு அடியில் போய்விட்டது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. விண்ணப்பம் போட்ட விதத்தில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மலையகத்திலிருந்து தலைமன்னார்த் துறைக்குச் சனங்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்தது அந்தக் காலத்தில்தான்.

அம்மாயியின் அண்ணன் தன் குடும்பத்துக்கும் தங்கைக்குமாகச் சேர்த்து ஹட்டன் டவுனில் பெட்டிகள் வாங்கி, பெயரும் எழுதுவித்திருக்கிறார். அவருக்குக் கடிதம் வந்தது, போய்விட்டார். கலியாணமான தங்கை கணவனின் விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டு இங்கேயே நின்றுவிட்டார். பெட்டியும் நின்றுவிட்டது. பேத்தி உராய்வுத் தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மாயி அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. போகாத ஊரின் பெயர் பெட்டியில் எதற்கு என்றுதான் பச்சை அடித்ததாகச் சொன்னார். அண்ணனுடைய பெட்டி சிவப்பு என்பதையும் அப்போதுதான் சொன்னார். இத்தனை வருடமாக அந்த அண்ணனைப் பற்றி வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணவி இந்தக் கதையைத் தேடிக்கொண்டு பெட்டியிடம் போகவில்லை. 'புலம்பெயர்வு' என்று தலைப்பு வைத்து அதற்கேற்ற பொருளைத் தேடியிருந்தால், பெட்டியைத் திறந்து வைத்து உள்ளே மண்ணோ தேயிலையோ கொட்டியிருப்பார். அப்படிப்பட்ட பெட்டிகளைக் கண்காட்சிகளில் நாம் போதிய அளவு பார்த்தாகிவிட்டது. பெட்டியின் மேற்பரப்பைப் பொறுமையாகத் தேய்த்ததால்தான் இது வெளியே வந்தது. பொருளைச் சின்னமாக எடுத்துக்கொண்டால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது சொல்லும். தடயமாக எடுத்துக்கொண்டால் தெரியாததையும் சொல்லும். இந்த மாணவியின் வேலைகளில் தேறியதையும் தேறாததையும் பிரிப்பது இந்த வித்தியாசமே.

பெட்டியின் ஆறு பக்கங்களையும் ஆறு தாள்களில் எடுத்து, பெட்டியைப் பிரித்து விரித்தாற்போல் சுவரில் ஒட்டினார். பெட்டி கண்காட்சிக்கு வரவில்லை. அதற்குள் சாமான் இருந்தது.

வெட்ட விடாத கம்பளி

ஒரு காலத்தில் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கொடுத்த கரடுமுரடான கறுப்புக் கம்பளியைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் மழைக்குக் கொங்காணி, இரவில் போர்வை. மாணவியின் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதைத் துண்டுகளாக வெட்டி, தேசப்படம்போல் தைத்து ஒரு நிறுவலாக்க வேண்டும் என்று நினைத்தார். மூலப்பொருளையே பயன்படுத்தினால்தான் வலு என்று வழிகாட்டிய ஒருவரும் ஊக்கம் கொடுத்தார்.

அம்மாயி மறுத்துவிட்டார். காரணத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை: மார்கழிப் பனிக்கு வீட்டில் கனமாக இருப்பது அது ஒன்றுதான்.

எடுத்துக்கொண்டு போனால் யார் கேட்கப்போகிறார்கள் என்று செய்துவிடும் மாணவர்களும் உண்டு. நம் கலைக் கல்வியில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுப் பொருள் என்றால் மாணவருடைய பொருள் என்று எடுத்துக்கொள்கிறோம், வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது. இவர் வெட்டவில்லை. வீட்டிலேயே தங்கி, கம்பளியை முழு அளவில் பென்சிலால் வரைந்தார். பகலில் வரைந்துவிட்டு இரவில் போர்த்திக்கொள்ளக் கொடுத்துவிட வேண்டும்.

வரைய உட்கார்ந்ததும் இழைத்த இடங்கள் கண்ணில் படத் தொடங்கின. ஒரு கிழிசலை நெசவு போக்கிலேயே நெருக்கமாக இழைத்த கை ஒன்று. அது இறந்துபோன பூட்டியின் கை. பழைய சுவெட்டரைப் பிரித்தெடுத்த மெரூன் நூலால் கோணல்மாணலாக இழுத்துக் கட்டிய கை அம்மாயியுடையது. ஓரத்தில் உரமூட்டையின் நைலோன் நூலால் நீளநீளமாகத் தைத்திருந்தது அப்பா. ஆண்கள் தைக்கமாட்டார்கள் என்று சொல்லி வளர்த்த வீட்டில் இந்த நைலோன் தையல் கொஞ்சம் சிரிப்பை மூட்டியது. வரைபடத்தில் கம்பளியின் உடல் வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. இழைத்த இடங்கள் மட்டும் நூல் நூலாகத் துலங்குகின்றன. மாணவியின் வேலைகளிலெல்லாம் எனக்கு இதுதான் மேலானது. வெட்டியிருந்தால் இந்தத் தையல்கள் தேசப்படத்தின் எல்லைக்கோடுகளுக்குள் காணாமல் போயிருக்கும்.

கூரையில் காய்ந்த துணி

கடைசி வேலைக்குத் தொழில்நுட்ப விவரம் தேவை, வேறு மாணவர்களும் செய்துபார்க்கக்கூடும் என்பதால்.

தேயிலையிலுள்ள 'தனின்' என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலமும் சாம்பலும் கலந்த கறுப்பு பிறக்கும். கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்பு ஊறிய நீரைத் தொட்டுக் கறுப்புக் கோடு இழுக்கும் கலம்காரிக் கைவினைஞர்களின் பழைய முறையும் இதே வினைதான். மாணவி பழைய வெள்ளை வேட்டியைக் கடுஞ்சாயத் தேநீரில் ஊறவைத்து, வினாகிரி கலந்த நீரைத் தெளித்து, லயத்தின் நெளிதகரக் கூரைமேல் விரித்துக் கல் வைத்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் அம்மாவின் பழைய படங்கைத்தான் முதலில் எடுத்தார். இப்போதைய படங்கு பிளாஸ்டிக் ஆனதால் சாயம் ஒட்டவில்லை.

துணி சீராகக் கறுக்கவில்லை. தகரத்தின் துத்தநாகப் பூச்சு தேயாத இடத்தில் இரும்பு வெளிப்படாது, அங்கே தேநீர் நிறம் மட்டுமே நின்றது. ஆணித்துளை, தகரமும் தகரமும் சேரும் ஒட்டு, பல வருடமாகக் கல் அழுத்திய இடம் ஆகியவற்றில் கறுப்பு பளிச்சென்று விழுந்தது. துணியை விரித்து அம்மாயியின் வரைபடத்துக்கு மேலே பிடித்தால், கரும்புள்ளிகள் பலவும் அவர் வட்டம் போட்ட பாத்திரங்களுக்கு நேர்மேலே வந்தன. கூரை தன் ஒழுக்கைத் தானே வரைந்து கொடுத்திருந்தது.

இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். மலையகத்து ஈரத்தில் நனைந்த துணி காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். சில துணிகள் அப்படியே வீணாயின. வெயில் நிலைக்கும் தை, மாசி மாதங்களில் செய்வது உத்தமம். மற்றது, இரும்பும் தனினும் சேர்ந்த கறுப்பு பருத்தி இழையைக் காலப்போக்கில் அரித்துவிடும். நன்றாக அலசி வினாகிரியின் புளிப்பை நீக்கினால் வேகம் குறையும், முற்றாக நிற்காது. இந்தத் துணி நெடுங்காலம் இருக்குமா என்று, வேலைகளை மதிப்பிட்ட நேர்முகத் தேர்வில் கேட்டபோது, கூரையே அவ்வளவு காலம் இருக்காது என்று மாணவி பதில் சொன்னார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் துணியைப் பேணுவது பற்றி அவர் யோசித்திருக்கவில்லை என்பதும் உண்மை.

அம்மா தினமும் எடுத்த கொழுந்தின் நிறையைக் குறித்து வைக்கும் சின்னக் கொப்பியிலிருந்து செய்த வேலை தேறவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கும் பைக்கும் கழிக்கும் கிலோ சரிதானா என்று மாத முடிவில் சிட்டையோடு ஒப்பிடுவதற்காக அம்மா எழுதுவது அது. ஒவ்வொரு நாள் கிலோவுக்கும் ஒரு நீளம் என்று சாயமிட்ட நூல்களை வரிசையாகத் தொங்கவிட்டார். அழகான திரைச்சீலை ஒன்று கிடைத்தது. கொப்பியில் இருந்த சண்டை அதில் காணாமல் போயிற்று. இலக்கங்களை இலக்கங்களாகவே, சிட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

மதிப்பிட்டவர்களும் பார்த்தவர்களும்

நேர்முகத் தேர்வில் ஒருவர், இதில் மலையகம் எங்கே தெரிகிறது என்று கேட்டார். கூடை இல்லை, மலை இல்லை, கொழுந்து இல்லை என்பதே அவருடைய குறை. இன்னொருவர், ஹட்டனில் பிறந்த கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலை வடிகட்டியையும் தேயிலைப் பைகளையும் ஊடகமாக்கி மலையக வாழ்வைக் காட்டிவிட்டாரே, இதில் புதிது என்ன என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது. சாயத் துணியைப் பொறுத்தவரை அந்தக் கடன் வெளிப்படை, அதை மாணவி எழுத்தறிக்கையில் குறிப்பிட்டிருக்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் விட்டது சரி.

பிறகு தோட்டத்து வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வைத்தார். அங்கே கிடைத்த விமர்சனம் நேர்முகத் தேர்வில் கிடைத்ததைவிடக் கறாரானது. சோக்கட்டிக் கோட்டுக்குள் நின்ற பெண்கள், தண்ணீர்க் குடம் இந்தப் பக்கம் இருக்க முடியாது, கதவு இடிக்கும் என்று திருத்தினார்கள். திருத்தியது சரிதான். பெட்டியின் உராய்வைப் பார்த்த கிழவர் ஒருவர், தன் வீட்டிலும் அப்படிப் பூசி மறைத்த பெட்டி இருக்கிறது என்றார். இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள்.

மலையகத்தில் பொருள்களுக்கு நூதனசாலைகள் இல்லாமல் இல்லை. கண்டி ஹந்தானையில் 1925 இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை நூதனசாலையில் உருளை இயந்திரங்களும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களும் இருக்கின்றன. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் இயங்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையில் தொழிலாளரின் பாத்திரங்கள், கருவிகள், நகைகளைப் பார்க்கலாம். அப்படியோர் இடத்துக்குப் பெட்டியைக் கொடுத்துவிடலாமே என்று வாசிகசாலையில் ஒருவர் யோசனை சொன்னார். உராய்வுத் தாளின் படியை வேண்டுமானால் கொடுக்கலாம், பெட்டி புழக்கத்தில் இருக்கிறது என்று மாணவி சொல்லிவிட்டார்.

இப்போது ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருக்கும் அவர், சனிக்கிழமைகளில் அதே வாசிகசாலையில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். கேஸ் சிலிண்டரின் புடைத்த எழுத்து, கதவுக் கீல், அம்மிக்கல், பழைய சில்லறைக் காசு என்று பிள்ளைகள் கண்டதையெல்லாம் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பரீட்சையில் புள்ளி உண்டா என்று பெற்றோர் கேட்டார்கள். இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், முதல் ஒரு மணித்தியாலம் பரீட்சைக்கான கூடையும் மலையும், பிறகு உராய்வு என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. காகிதத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.